காரில் இஎஸ்சி: எப்போதும் ஆனில் இருக்கட்டும், எப்போது ஆஃப் செய்யலாம்?

புதுக் கார் எடுத்தவர்கள் டேஷ்போர்டிலோ கியர் லீவர் பக்கத்திலோ ஒரு பொத்தானைக் கவனித்திருப்பீர்கள். ஒரு காரின் படம், அதற்குக் கீழே நெளிந்த இரண்டு கோடுகள், சில கார்களில் கூடவே ‘ஆஃப்’ என்ற எழுத்து. ஷோரூமில் சாவி கொடுக்கும்போது சன்ரூஃபை எப்படித் திறப்பது, ஃபோனை எப்படி இணைப்பது என்றெல்லாம் பொறுமையாகக் காட்டுகிறார்கள். இந்தப் பொத்தானைப் பற்றி அனேகமாக யாரும் பேசுவதில்லை. அதனால் சிலர் இதை அழுத்தினால்தான் பாதுகாப்பு வேலை செய்யும் என்று நினைத்து அழுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் ‘ஆஃப் பண்ணினால் பிக்கப் கூடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுத்துகிறார்கள். இரண்டு பேருமே தங்களுக்குத் தெரியாமல் ஒரு முக்கியமான பாதுகாப்பை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொத்தான் இஎஸ்சிக்கானது, அதாவது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்: கார் வழுக்கிக் கட்டுப்பாடு இழக்காமல் பார்க்கும் கருவி. காரை ஸ்டார்ட் செய்ததும் இஎஸ்சி தானாகவே ஆனில்தான் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். மணலிலோ சேற்றிலோ கார் மாட்டிக்கொண்டு நகர மறுக்கும்போது, நடக்கிற வேகத்தில் வெளியே எடுப்பதற்காக மட்டும் ஆஃப் செய்யலாம். வெளியே வந்ததும் மறுபடி ஆன். மீதிக் கட்டுரை முழுக்க இது ஏன், எப்படி என்பதுதான்.

அது உள்ளே என்ன செய்கிறது

ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்று ஒரு சென்சார் பார்க்கிறது. கார் தன் அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று வேறு சென்சார்கள் பார்க்கின்றன. நான்கு சக்கரங்களின் வேகத்தையும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார்கள் தனித்தனியாகச் சொல்கின்றன. நீங்கள் போக நினைக்கும் திசையும் கார் உண்மையில் போகும் திசையும் ஒன்றுதானா என்று வினாடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு இது வேகமானது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தேவையான ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும், எஞ்சினின் இழுவையையும் குறைக்கும்.

இடப்பக்க வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்புகிறீர்கள், ஆனால் முன் டயர்கள் வழுக்கி, கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கிறது. அப்போது இஎஸ்சி உள்பக்கப் பின் சக்கரத்தை, அதாவது இடது பின் சக்கரத்தைப் பிடிக்கும். கார் இடப்பக்கம் இழுபட்டுத் திரும்பும். அதே வளைவில் பின் டயர்கள் பிடி விட்டு, காரின் பின்பக்கம் வலது பக்கமாக வீசிக்கொண்டு போனால், வெளிப்பக்க முன் சக்கரமான வலது முன் சக்கரத்தைப் பிடிக்கும். சுழலப் போன கார் நேராகும்.

‘நல்ல டிரைவருக்கு இதெல்லாம் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் காலுக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். அதை அழுத்தினால் நான்கு சக்கரமும் சேர்ந்துதான் பிடிக்கும். முப்பது வருடம் ஓட்டியவராக இருந்தாலும் இடது பின் சக்கரத்தை மட்டும் பிடிக்க அவரால் முடியாது. இது அனுபவம் சார்ந்த விஷயமே இல்லை. மனிதனிடம் இல்லாத நான்கு தனித்தனி பிரேக்குகள் இந்தக் கருவியிடம் இருக்கின்றன.

பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து 1995இல் எஸ் கிளாஸ் கூபே காரில் இதை இஎஸ்பி என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். அப்போது விலை உயர்ந்த கார்களுக்கான வசதி இது. 1997இல் ஸ்வீடனின் கார் இதழ் ஒன்று, திடீரென்று குறுக்கே வரும் விலங்கைத் தவிர்ப்பது போல வளைத்து ஓட்டும் சோதனையில், புதிதாக வந்த சிறிய ஏ கிளாஸ் காரைக் கவிழ வைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சிறிய காரிலும் இஎஸ்பி கட்டாயப் பொருத்தமாக வந்தது. அங்கிருந்துதான் இது சாதாரணக் கார்களுக்கு இறங்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் இது சட்டப்படி கட்டாயம். வேறு வாகனம் எதுவும் மோதாமல் கார் தானாகக் கட்டுப்பாடு இழந்து உயிர் போகும் விபத்துகளை இது ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக அமெரிக்காவின் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சீட் பெல்ட்டுக்கு அடுத்தபடியாக நான் இதைத்தான் வைப்பேன். ஏர்பேக் இடித்த பிறகு காப்பாற்றுகிறது. இஎஸ்சி பல நேரம் இடிக்கவே விடுவதில்லை.

முதல் வேலை: உங்கள் காரில் இருக்கிறதா என்று பாருங்கள்

ஏபிஎஸ் இருந்தால் இஎஸ்சியும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் வந்துவிட்டது, ஆனால் பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. நீங்கள் பிரேக்கைத் தொடாதபோதும் காரை நேராக்குவது இஎஸ்சி. ஒரே மாடலில் விலை உயர்ந்த வேரியன்ட்டில் இருந்து, அடிப்படை வேரியன்ட்டில் இல்லாமல் போன கார்கள் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. கார்களின் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில் மூன்று ஸ்டாரும் அதற்கு மேலும் வாங்க இஎஸ்சி இருந்தாக வேண்டும். அதனால் புதிய கார்களில் நிலைமை முன்பைவிட நன்றாக இருக்கிறது.

பெயர்தான் குழப்பும். ஹூண்டாய், கியா இஎஸ்சி என்பார்கள். மாருதி, டாடா, மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன் பக்கம் இஎஸ்பி என்று பார்க்கலாம். டொயோட்டாவில் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ, பிஎம்டபிள்யூவில் டிஎஸ்சி. எல்லாம் ஒன்றுதான்.

சாவியை ஆனில் வையுங்கள், அல்லது ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். மீட்டரில் எல்லா விளக்கும் ஒருமுறை எரியும். அதில் அந்த நெளிகோட்டுக் கார் விளக்கும் எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மறக்காமல் பாருங்கள். இஎஸ்சி உள்ள வேரியன்ட் என்று சொல்லி விற்கும் காரில் அந்த விளக்கு ஆரம்பத்திலும் எரியவில்லை என்றால், ஒன்று அந்தக் காரில் இஎஸ்சி இல்லை, இல்லையென்றால் பழுதை மறைக்க விளக்கில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

விளக்கு என்ன சொல்கிறது

ஓடும்போது விளக்கு மினுக்கினால், இஎஸ்சி அந்த நொடியில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆனால் கவனியுங்கள்: டயரின் பிடிமானம் எல்லைக்கு வந்துவிட்டது என்று கார் உங்களுக்குச் சொல்கிறது. ‘ஆஃப்’ எழுத்தோடு ஒரு விளக்கு விடாமல் எரிந்தால், யாரோ பொத்தானை அழுத்தி அணைத்திருக்கிறார்கள். ‘ஆஃப்’ இல்லாமல் நெளிகோட்டுக் கார் மட்டும் விடாமல் எரிந்தால் அது பழுது. அப்போதும் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் இஎஸ்சி துணைக்கு வராது. வேகத்தைக் குறைத்து ஓட்டிச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் கூடச் சேர்ந்து எரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுவதுதான் நல்லது.

பேட்டரி மாற்றிய பிறகு இந்த விளக்கு எரிவது உண்டு. ஸ்டீயரிங் சென்சார் தன் நடுநிலையை மறந்துவிடும். சில கார்களில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிவிட்டு, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் சரியாகிவிடும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். வீல் அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் சென்சாரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால், நீங்கள் திருப்பிக்கொண்டிருப்பதாக இஎஸ்சி தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். சக்கர வேகத்தை வைத்துத்தான் எல்லாக் கணக்கும் நடக்கிறது.

ஆனில் வைத்து ஓட்டும்போது

நம் ஊரில் இஎஸ்சி அதிகம் உதவும் இடங்கள் சில உண்டு. வெயில் காலம் முடிந்து பெய்யும் முதல் மழை அதில் ஒன்று. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும். நன்றாக மழை பெய்து கழுவிய பிறகு இருப்பதைவிட அந்த முதல் அரை மணி நேரம் மோசம். ஈசிஆர் சாலையில் காற்று கொண்டுவந்து போட்ட மணல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ லாரி சிந்திவிட்டுப் போன டீசல், டிராக்டர் வயலிலிருந்து இழுத்து வந்த சேறு, எல்லாமே ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் வழுக்க விடுகிறவை. அறுவடைக் காலத்தில் கொள்ளு, உளுந்து, கேழ்வரகு எல்லாவற்றையும் சாலையில் பரப்பியிருப்பார்கள். காய்ந்த செடிமேல் டயர் ஏறினால் தார்ச்சாலையைத் தொடுவதே இல்லை. அங்கே பிரேக்கை அழுத்தினால் ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் வழுக்கும். இஎஸ்சி அதைச் சமாளிக்கப் பார்க்கும். ஆனால் அதற்கு முன்னால் வேகத்தைக் குறைப்பது நீங்கள்தான். இன்னொன்று, அந்தச் செடிகள் காரின் அடியில் சூடான சைலன்சர் குழாயில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. தாண்டியதும் இறங்கி அடியில் பார்த்துவிடுங்கள்.

சரி, இஎஸ்சி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விளக்கு மினுக்குகிறது, காலுக்குக் கீழே ஒரு கரகர சத்தம், பெடல் அதிர்கிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் கார் இழுக்கவில்லை. புதியவர்கள் இங்கேதான் பதறுகிறார்கள். அந்தச் சத்தம் பிரேக் ஆயில் பம்புடையது. எதுவும் உடையவில்லை.

அப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்தே ஆக வேண்டும். கண்ணைப் போக வேண்டிய இடத்தில் வையுங்கள். மரத்தைப் பார்த்தால் கை மரத்தை நோக்கித்தான் திருப்பும். ஸ்டீயரிங்கை அந்தத் திசைக்கு, வெட்டி இழுக்காமல் பிடியுங்கள். நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள் என்று இஎஸ்சிக்குத் தெரிய ஒரே வழி உங்கள் ஸ்டீயரிங்தான். கையை விட்டுவிட்டால் அதற்குத் தகவலே கிடைக்காது. நிறுத்த வேண்டுமென்றால் பிரேக்கை அழுத்தமாக, விடாமல் மிதியுங்கள். விட்டு விட்டு மிதிக்கும் பழைய பழக்கம் ஏபிஎஸ் இல்லாத காலத்துக்கு உரியது. ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்காதீர்கள். கார் நேரான பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு போங்கள். அதே வளைவில் விளக்கு மினுக்கியது என்றால், அந்த வளைவுக்கு உங்கள் வேகம் அதிகம்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பதற்கும் 60இல் எடுப்பதற்கும் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆனால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை இரண்டே கால் மடங்காகிறது. டயருக்கு அவ்வளவு பிடிமானம் இல்லையென்றால் எந்த சக்கரத்தைப் பிடித்தும் பயனில்லை. இஎஸ்சி இருக்கிற பிடிமானத்தைப் பங்கிட்டுத் தரும், புதிதாக உண்டாக்காது. தேய்ந்த டயரோடு தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், அப்போது பிரேக் பிடிக்கத் தரையே இல்லை. சட்டப்படி டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. மழைக்காலத்துக்கு அதுவே குறைவு என்பது என் கருத்து. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே டயரை மாற்றுங்கள். மழையில், வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். மலை இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்து அது சூடேறிப்போனாலும் இஎஸ்சியால் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டாம் கியருக்கோ மூன்றாம் கியருக்கோ மாற்றி எஞ்சினை வைத்து இறங்குங்கள்.

ஆஃப் செய்யும் ஒரே சந்தர்ப்பம்

இஎஸ்சியோடு சேர்ந்தே டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது. சக்கரம் சும்மா சுற்றினால் அதைப் பிடித்து, எஞ்சின் இழுவையைக் குறைப்பது அதன் வேலை. தார்ச்சாலையில் அது நல்லது. ஆழமான மணலில் சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் ஆக வேண்டும். அங்கே ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் அடங்கிப்போகும், கார் வேகம் இழந்து அங்கேயே புதையும். தனுஷ்கோடி அரிச்சல்முனை போகிற வழியில் காரை ஓரம் கட்டுகிறேன் என்று மணலில் இறக்கி மாட்டிக்கொள்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

ஆனாலும் மாட்டியதும் உடனே பொத்தானைத் தேட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் சேற்றிலோ அந்தரத்திலோ சுற்றி, மறு சக்கரம் கெட்டித் தரையில் நின்றால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆனில் இருப்பதுதான் உதவும். சுற்றுகிற சக்கரத்தை அது பிடித்தால்தான் இழுவை மறு சக்கரத்துக்குப் போகும். அதை ஆஃப் செய்தால் மொத்த இழுவையும் சும்மா சுற்றும் சக்கரத்திலேயே வீணாகும். இந்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முதலில் ஆனில் வைத்து மெதுவாக முயலுங்கள். எஞ்சின் அடங்கி, கார் நகரவே இல்லை என்றால் மட்டும் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மேலும் மேலும் மிதித்தால் சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கும். கூட வந்தவர்களை இறக்கிவிடுங்கள்.

2. ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். இழுக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் இருக்கும் மணலைக் கையாலோ தட்டாலோ ஒதுக்குங்கள். பெரும்பாலான கார்களில் இழுப்பவை முன் சக்கரங்கள். கால்மிதி விரிப்பு, பலகை, ஓலை, எது கிடைத்தாலும் டயருக்கு அடியில் கொடுங்கள்.

3. காரில் காற்றடிக்கும் பம்ப் இருந்தால் மட்டும், டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். டயர் அகன்று மணல்மேல் நிற்கும். பொத்தானைவிட இது அதிகம் உதவும். பம்ப் இல்லையென்றால் காற்றை இறக்காதீர்கள்.

4. இப்போது பொத்தான். பல கார்களில் ஒருமுறை தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும், இஎஸ்சி இருக்கும். மூன்று வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் இரண்டும் அணையும். ஒரு தட்டு போதும். கார் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், சிலவற்றில் ஸ்க்ரீன் மெனுவுக்குள் இருக்கும். அதனால் கையேட்டில் உங்கள் காரின் முறையை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆஃப்’ விளக்கு எரிவதை உறுதி செய்யுங்கள்.

5. மேனுவல் கார் என்றால் இரண்டாம் கியரில், கிளட்சை மெதுவாக விட்டு நகருங்கள். நகரவில்லை என்றால் ரிவர்ஸில் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் என்று வந்த தடத்திலேயே ஆட்டி எடுங்கள். தள்ளுகிறவர்கள் சக்கரத்துக்கு நேரே நிற்க வேண்டாம், கல்லோ பலகையோ பறந்து வரும். கிளட்ச் வாசனை வந்தால் நிறுத்துங்கள்.

6. கார் நகர ஆரம்பித்ததும் கெட்டித் தரை வரும்வரை நிற்காதீர்கள். வந்ததும் நிறுத்தி, முதலில் பொத்தானை மறுபடி அழுத்தி ‘ஆஃப்’ விளக்கு அணைந்ததைப் பாருங்கள். அப்புறம் டயருக்குக் காற்று. காற்று குறைந்த டயரோடு தார்ச்சாலையில் வேகம் பிடிக்கக் கூடாது.

எஞ்சினை அணைத்துப் போட்டால் பொதுவாக எல்லாம் மறுபடி ஆனுக்கு வந்துவிடும். சில கார்களில் குறிப்பிட்ட வேகம் தாண்டினால் தானாகவே வரும். ஆனால் அதை நம்பிக்கொண்டு நெடுஞ்சாலை ஏற வேண்டாம், விளக்கைப் பாருங்கள். இஎஸ்சியை ஆஃப் செய்தாலும் ஏபிஎஸ் வேலை செய்யும். ‘அதுதான் ஏபிஎஸ் இருக்கிறதே’ என்று அதை ஒரு காரணமாக்கி ஆஃபிலேயே ஓட்டுபவர்கள், பிரேக் மிதிக்காத நேரத்திலும் கார் சுழலும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆஃப் செய்யச் சொல்லும் மற்ற பேச்சுகள்

ஆஃப் செய்தால் மைலேஜ் அதிகமாகாது. சாதாரணமாக ஓட்டும்போது இஎஸ்சி பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது, எதையும் பிடிப்பதில்லை, அதனால் மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. பிக்கப்பும் அதிகமாகாது, சக்கரம் வீணாகச் சுற்றி டயர்தான் தேயும். எலக்ட்ரிக் காரில் இன்னும் கவனம் வேண்டும்: மிதித்த உடனே முழு இழுவையும் வந்துவிடுவதால், ஈரச் சாலையில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லாமல் இழுக்கிற சக்கரங்கள் சட்டென்று வழுக்கும். மலைப்பாதையில் ‘ஓட்டுகிற உணர்வு’ வேண்டும் என்று அணைப்பவர்களிடம் நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான். அந்த வளைவின் மறுபக்கம் பஸ் வருகிறது, பஸ் நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்த ஆசைக்கு மூடிய ரேஸ் டிராக் இருக்கிறது, சொல்லித்தருபவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பழகிக்கொள்ள விரும்பினால், ஆளில்லாத மைதானத்தில், சொந்தக்காரரின் அனுமதியோடு, ஈரத்தரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய் பிரேக்கை முழுக்க மிதித்துப் பாருங்கள். பெடல் அதிர்வதும் சத்தமும் எப்படி இருக்கும் என்று காலுக்குத் தெரிந்துவிடும். நிஜமான நெருக்கடியில் பயந்து காலை எடுக்க மாட்டீர்கள். இதை இஎஸ்சி ஆனில் வைத்தே செய்யுங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். காரை சர்வீஸுக்கோ வாட்டர் வாஷுக்கோ விட்டு எடுத்தால், வீட்டில் வேறு யாராவது ஓட்டிவிட்டுக் கொடுத்தால், கிளம்பும் முன் மீட்டரில் ‘ஆஃப்’ விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். துடைக்கும்போது கைபட்டு அழுந்தியிருக்கலாம், குழந்தைகள் விளையாட்டாக அழுத்தியிருக்கலாம். எரிந்தால் பொத்தானை ஒருமுறை அழுத்தி, அந்த விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.